பழைய மேஜையும் பழைய வேஷ்டியும்

(நம் சங்கத்தின் மும்பைக் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் இதே மேடையில் உபநிஷத்தைப் பற்றி ஒருவர் அருமையாகப் பேசினார். அதற்கு முந்தின மாதம் மூத்த குடிமக்களுக்கான வருமான வரி. இந்த மாதம் மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுவது! நான் செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் ஒரு விஷயமா, ஸார்?" என்றேன். "மாமி, பாதிப் பேர் வீடு ரீடெவலப்மெண்ட்டில் இருக்கு. பழைய சாமானை என்ன பண்றதுன்னு தெரியாமல் முழிக்கறா. நீங்க ஆத்துலயே பண்றேளாமே, அதைச் சொல்லுங்கோ" என்றார். அதனால் தைரியமாக வந்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலையில் கெட்டிக்காரி என்பதால் பேச வரவில்லை. ஒரு நல்ல மேஜையைக் கெடுத்தவள் என்பதால் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் மாமனார் 1946-ல் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். மாதுங்காவில் தரைத்தளத்தில் பகடி வீடு. 1951-ல் கல்யாணம் ஆனதும் ஒரு தச்சரை வைத்து பர்மா தேக்கில் ஒரு எழுதும் மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஊஞ்சல் பலகை செய்து வாங்கினார். பிற்பாடு ஒரு மர அலமாரியும் சேர்ந்தது. அலமாரிக்கு மட்டும் பெயிண்ட், ஆஸ்பத்திரிப் பச்சை. அறுபத்தேழு வருஷம் அந்த வீட்டில் இருந்த சாமான்கள். 2018-ல் கட்டடத்தை இடிக்கப் போகிறோம், மூன்று மாதத்தில் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். செம்பூரில் வாடகைக்குப் பார்த்த இடமோ இரண்டே அறை. பழைய சாமான் வாங்குகிறவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,800 ரூபாய் என்றார். என் பிள்ளை, "அம்மா, கொடுத்துத் தொலை, ஆன்லைனில் புதுசு வாங்கிக்கலாம்" என்றான். அவன் சொன்ன புதுசு என்பது மரத்தூளை அழுத்தி மேலே காகிதம் ஒட்டினது. ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிசு. எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு செம்பூருக்குப் போனோம்.

நான் பாங்க்கில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து 2016-ல் ஓய்வு பெற்றவள். கை சும்மா இருக்காது. பிள்ளையை நச்சரித்து மின்சாரத்தில் ஓடும் உப்புத்தாள் மிஷின் ஒன்று வரவழைத்தேன். ஸ்விட்சைப் போட்டால் தாள் கிர்ரென்று சுற்றும். மேஜையின் மேல் பலகையைத் தேய்த்தேன். எழுபது வருஷக் கறுப்பு போய், உள்ளே பொன் நிறத்தில் தேக்கு தெரிந்தது. அந்த சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது. காலையில் ஆரம்பித்தவள், மத்தியானம் சாப்பாட்டையும் மறந்து, கால்கள், பக்கப் பலகை என்று தேய்த்துக்கொண்டே போனேன். இழுப்பறையைத் திறந்தால் பூஞ்சை வாசனை. சரி, இதையும் தேய்த்துவிடுவோம் என்று அடிப்பலகையில் மிஷினை வைத்தேன்.

பாதிக்கு மேல் போன பிறகுதான் ஏதோ எழுத்து மாதிரி கண்ணில் பட்டது. மிஷினை நிறுத்திப் பார்த்தேன். பென்சில் எழுத்து. மாமனார் கையெழுத்து. குழந்தைகள் பிறந்த தேதி, கிழமை, நட்சத்திரம், மணி, நிமிஷம். நாலு பேருக்கும் வரிசையாக எழுதியிருக்கிறார். அதில் மூன்று வரி தூளாகப் போய்விட்டது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று நினைப்பீர்கள். 2005 ஜூலை 26 வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த ஜாதக நோட்டுப் புத்தகம் ஊறிக் கூழாகிவிட்டது. எங்காத்து மாமாவுக்கு நட்சத்திரம் தெரியும், பிறந்த நேரம் தெரியாது. "அப்பா எங்கேயோ எழுதி வைத்திருக்கேன்னு சொல்லுவார்" என்று பல தடவை சொல்லியிருக்கிறார். தேடாத இடம் இல்லை. இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டி அடிப்பலகையைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதில் எப்போதும் காகிதம் விரித்திருக்கும்.

அவர் மாலை வாக்கிங் போய்விட்டு வந்தார். நான் இழுப்பறையை அப்படியே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாள் அந்தப் பால்கனிப் பக்கமே வரவில்லை. மிச்சம் இருந்த ஒரு வரி கடைசி நாத்தனாருடையது. அவளுக்குப் போட்டோ எடுத்து பெங்களூருக்கு அனுப்பினேன். "மன்னி, என் ஜாதகத்தை மட்டும் காப்பாத்திட்டேளே!" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவேளை, 2022-ல் அவருடைய பீமரத சாந்திக்கு நட்சத்திரமே போதுமாக இருந்தது.

ஆகவே, பழைய சாமானில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அதைச் சும்மா பாருங்கள். இழுப்பறைகளை வெளியே எடுங்கள். டார்ச் அடித்து அடிப்பக்கம், பின்பக்கம், கதவின் உட்புறம் எல்லாம் பாருங்கள். தச்சர் போட்ட அடையாளம், கடைச் சீட்டு, பால் கணக்கு, யாராவது ஆணியால் கீறிய பெயர், எது வேண்டுமானாலும் இருக்கும். செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது, போட்டோ எடுத்து வையுங்கள். உளுத்த இடம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சின்னச் சின்ன ஓட்டை, அதன் கீழே மாவு மாதிரி தூள் புதிதாக விழுந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து அடிக்காமல் மேலே எதைப் பூசியும் பிரயோஜனம் இல்லை.

மேஜையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பாலிஷ் வேலைக்காரரைத் தேடிப் பிடித்தேன். உத்தரப் பிரதேசத்திலிருந்து சிறு வயதில் வந்தவர், அறுபது வயது இருக்கும். எல்லாரும் சாச்சா என்று கூப்பிடுவார்கள். மிஷினைப் பார்த்துவிட்டு, "இது தரைக்குப் போடுகிறது, மாஜி" என்றார். மேஜைப் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பலகை முழுக்கச் சின்னச் சின்ன வட்டக் கீறல்கள். என் கண்ணுக்கு வழவழவென்றுதான் தெரிந்தது. பாலிஷ் ஏறினதும் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரியும் என்றார். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே கையால் தேய்க்க வேண்டும், குறுக்கே ஒரு இழுப்புக்கூடக் கூடாது. 220 நம்பர் தாளில் அவரே தேய்த்துக் காட்டினார். என் ஒரு நாள் உற்சாகத்தைச் சரி பண்ண எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அவரை நான் சம்பளத்துக்கு வேலை செய்யச் சொல்லவில்லை. "எனக்குக் கற்றுக் கொடுங்கள், அதற்குக் கூலி தருகிறேன்" என்றேன். விநோதமாகப் பார்த்தார். நம்மவர்கள் கையில் அழுக்குப் படுகிற வேலை கேட்டு அவரிடம் யாரும் போனதில்லை போலிருக்கிறது. வாரம் இரண்டு நாள், இரண்டு மாதம் வந்தார்.

அவர் முதலில் கற்றுக் கொடுத்தது தேய்ப்பதே அல்ல, துடைப்பது. சாய்வு நாற்காலியை எடுத்துக்கொண்டார். துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தார். துணி கறுப்பாக வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு, கைப்பட்ட அழுக்கு. பாலிஷ் கெட்டுவிட்டது என்று நாம் நினைப்பதில் பாதி இதுதான். பிறகு யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்து எண்ணி முப்பது விநாடி பிடித்தார். பஞ்சு பிசுபிசுவென்று பழுப்பாக வந்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் இந்தக் காலத்துப் பாலியூரிதேன் வகை. இந்த ஒரு சோதனை தெரியாமல்தான் நான் மிஷினை எடுத்தேன்.

அரக்குப் பாலிஷ் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் விசேஷம் இருக்கிறது. புரச மரம் மாதிரியான மரங்களின் கிளையில் ஒரு சின்னப் பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு பிசினைச் சுரந்து தன்னை மூடிக்கொள்ளும். அந்தப் பிசினைச் சுரண்டி உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து, உடைத்து விற்கிறார்கள். அதிகமாக விளைவது ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-லேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்துவிட்டார்கள். பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளும் இந்த அரக்கில் செய்தவைதான். முன் வரிசை மாமி முகம் சுளிக்கிறார், தெரிகிறது. ஆமாம் மாமி, பூச்சிதான். எடுக்கும்போது அது சாகவும் செய்கிறது. அதில் ஒளிவு மறைவு இல்லை. உடன்பாடு இல்லாதவர்கள் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போடலாம். தேன்மெழுகும் யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள்.

இந்த அரக்கு எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்பிரிட்டில் கரையும். அதனால் புதிதாகப் போடுகிற பூச்சு பழைய பூச்சை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுபது வருஷமாக மேஜையில் ஏறியிருந்த நிறத்தை நான் ஒரே நாளில் தூளாக்கினேன் அல்லவா, அது பூராவும் வேண்டாத வேலை. துடைத்து, மேலே நாலு கை பாலிஷ் போட்டிருந்தால் போதும். சாய்வு நாற்காலியை அப்படித்தான் செய்தோம். இரண்டும் இன்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாற்காலி பழுத்த நிறத்தில் பெரியவர் மாதிரி இருக்கிறது. மேஜை நேற்றுக் கடையில் வாங்கின மாதிரி இருக்கிறது. பார்க்கிறவர்கள் மேஜையைத்தான் புகழ்வார்கள். நான் சும்மா இருந்துவிடுவேன்.

செய்முறை சொல்கிறேன், வேண்டியவர்கள் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குத் தகடு. இங்கே ஹார்டுவேர் கடையில் 'சப்டா' என்று கேட்டால் கொடுப்பார்கள். கண்ணாடி பாட்டிலில் போடுங்கள், இரும்புப் பாத்திரம் கூடாது, கறுத்துப் போகும். ராத்திரி ஊற விட்டு நடுவில் இரண்டு மூன்று தடவை குலுக்கினால் காலையில் கரைந்திருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தேவைக்கு மட்டும் கரையுங்கள். பல மாதம் வைத்த கரைசல் பூசினால் காயவே காயாது, கை ஒட்டும். பாட்டிலில் 'விஷம்' என்று பெரிசாக எழுதி ஒட்டுங்கள். ஹார்டுவேர் கடை ஸ்பிரிட்டில் மெத்தனால் சேர்த்திருக்கும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற காரியம் வேண்டவே வேண்டாம்.

பூசுவதற்குப் பிரஷ் வேண்டாம். பஞ்சை உருண்டையாக்கி அதன் மேல் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டால் அதுதான் கருவி. துணியில் நூல் பிரியக் கூடாது, கஞ்சி இருக்கக் கூடாது. சாச்சா பை நிறையத் துணி வைத்திருந்தார், ஒன்றும் அவருக்குத் திருப்தியில்லை. நான் உள்ளே போய் எங்காத்து மாமாவின் நைந்துபோன மல் வேஷ்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். தடவிப் பார்த்தார். "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். நாற்பது வருஷம் துவைத்தால் கிடைக்கும் என்றேன். அவர் ஊருக்குப் போகும்போது ஆறு பழைய வேஷ்டி கொடுத்து அனுப்பினேன். கல்யாணத்துக்குக்கூட யாரும் அவ்வளவு சந்தோஷமாக வேஷ்டி வாங்கிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

பஞ்சுருண்டையை லேசாக நனைத்து, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விமானம் இறங்கி ஏறுகிற மாதிரி பலகையில் தொட்டு ஓடி விலக வேண்டும். நின்றால் அங்கேயே ஒட்டித் திட்டாகிவிடும். முதல் நாள் இரண்டு மூன்று பூச்சு, மறுநாள் 320 நம்பர் தாளால் தடவினாற்போல் ஒரு தேய்ப்பு, மறுபடி பூச்சு. ஒட்டுகிற மாதிரி இருந்தால் துணியில் ஒரே ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். எனக்குக் கை பழக ஒரு மாதம் ஆயிற்று. மழைக்காலத்தில் போடவே போடாதீர்கள். ஜூலையில் நான் அவசரப்பட்டு ஊஞ்சல் பலகைக்குப் போட்டேன், பால் தெளித்த மாதிரி வெளுத்துப் போயிற்று. காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறதாம். தீபாவளிக்கு அப்புறம் ஸ்பிரிட் துணியால் ஓட்டி அதைச் சரி செய்தேன்.

சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் அரக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சூடான பாத்திரம் வைத்தால் அது தாங்காது.

பச்சை அலமாரி விஷயத்துக்கு வருகிறேன். அதையும் சுரண்டி உள்ளே இருக்கிற தேக்கை வெளியே கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. சாச்சா பின்பக்கம் ஓர் இடத்தில் கத்தியால் கீறிக் காட்டினார். தேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏதோ கள்ளிப்பெட்டி மரம். நல்ல மரமாக இருந்தால் அந்தக் காலத்துத் தச்சர் ஏன் பெயிண்ட் அடிக்கப் போகிறார்?

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று. பழைய எனாமல் பெயிண்ட்டில் ஈயம் கலந்திருப்பது சகஜம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் அடித்தது எதுவானாலும் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் உரியாமல் இருக்கிற வரை பெரிய ஆபத்து இல்லை. உலர்ந்தபடி தேய்த்தால், சூடு காட்டிச் சுரண்டினால், தூசியும் புகையும் உள்ளே போகும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தரையில் தவழுகிற குழந்தை கையை வாயில் வைக்காமல் இருக்குமா? அப்போது என் பேத்திக்கு ஒன்றரை வயசு. மிஷின் வாங்கின அன்றைக்கு நான் அலமாரியில் ஆரம்பித்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால் சுரண்டவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, வாட்டர் பேப்பரை நனைத்து ஈரத்தோடு லேசாகச் சொரசொரப்பாக்கி, துடைத்த துணியையும் தாளையும் பையில் கட்டிப் போட்டுவிட்டு, பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. இப்போது வெளிர் மஞ்சள். பேத்தியின் புத்தகங்கள் அதில் இருக்கின்றன.

ஆளிவிதை எண்ணெய் சொன்னேனே, அதில் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் நனைத்த துணிகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு மத்தியானம் கண்ணயர்ந்தேன். கருகுகிற வாசனை. அடுப்பில் ஒன்றும் இல்லை. பால்கனியில் வாளியிலிருந்து புகை! நெருப்பே வைக்காமல் அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறும், சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் பற்றிக்கொள்ளும். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினேன். பாண்டவர்களுக்கு ஏன் அரக்கு மாளிகை கட்டினான் துரியோதனன் என்று அன்றைக்குத்தான் எனக்கு அனுபவபூர்வமாகப் புரிந்தது. துணிகளைப் பிரித்துக் கொடியில் தனித்தனியாக உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

நாற்காலியின் பிரம்புப் பின்னலை நான் தொடவில்லை. பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையங்களில் நெடுங்காலமாக அந்தத் தொழிலைக் கற்றுத் தருகிறார்கள். அப்படிக் கற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து விரலால் தடவித் தடவிப் பின்னிக் கொடுத்தார். நைலான் ஒயர் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம்.

ஊஞ்சல் பற்றி ரீடெவலப்மெண்ட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். பலகை பாலிஷ் ஆகிவிடும், சங்கிலியைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளத்துவிடும். மாட்டுவதற்கு இடம்? ஊஞ்சல் கொக்கி கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்து வைக்க வேண்டியது. வீடு கட்டி முடித்தபின் துளை போட்டு மாட்டலாமா என்று கேட்டால் எஞ்சினியர் தலையை ஆட்டுவார், எந்தப் பக்கம் என்று தெரியாது. வரைபடம் கையெழுத்தாகும்போதே எழுத்தில் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் பதினொரு தமிழ்க் குடும்பம். கேட்டது நாங்கள் மட்டும். 2022-ல் சாவி வாங்கினபோது ஹாலில் நாலு கொக்கி தயாராக இருந்தது. மற்ற பத்து பேர் இப்போது எங்கள் வீட்டு ஊஞ்சலில் வந்து ஆடுகிறார்கள். நல்லதுதான், காபிப்பொடி செலவு கொஞ்சம் கூடியிருக்கிறது.

அந்த இழுப்பறையை அப்புறம் நான் தேய்க்கவில்லை. மிச்சம் இருந்த வரியின் மேல் அழுத்தாமல் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்தேன், பென்சில் அழியாமல் இருக்க. சில மாதம் கழித்து அவர் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு போய், காலியான இடத்தில் எங்கள் பிள்ளை, பெண், பேத்தி மூவர் பிறந்த நேரத்தையும் எழுதிவிட்டு வந்தார். என்னிடம் சொல்லவில்லை. பால்பாயிண்ட் பேனாவைத் தேடி இழுத்தபோது நானே பார்த்தேன். மறுநாள் அதற்கும் ஒரு பூச்சு கொடுத்தேன்.

பேச்சு போதும். வரும்போதே கவனித்தேன், தலைவருக்கு முன்னால் இருக்கிற இந்த மேஜையில் யாரோ சூடான காபி டம்ளர் வைத்து வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. அடிப்பக்கம் பஞ்சு வைத்துப் பார்த்துவிட்டேன், அரக்குப் பாலிஷ்தான். ஸ்பிரிட் பாட்டிலும் வேஷ்டித் துணியும் பையில் கொண்டுவந்திருக்கிறேன். துணியில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தொட்டு, நிற்காமல் வீச வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் வந்து பாருங்கோ. ஜன்னலை யாராவது திறந்து விடுங்கோ. முதலில் அந்தக் குத்துவிளக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வையுங்கோ.